மூன்று கேள்விகள் செய்யும் கோளாறு

ஜயநகர், பெங்களூரு

அன்புள்ள கலை,

உன் ஆய்வுத் திட்டம் கிடைத்தது. இங்கே சாயங்காலமானால் மழை. வெளியே போக வழியில்லாமல் இரண்டு முறை படித்துவிட்டேன்.

இரவு ஷிப்ட் பார்க்கும் தமிழர்களையும் பகல் ஷிப்டுக்காரர்களையும் பிஎச்கியூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம், ஒவ்வொன்றுக்கும் விடை 0 முதல் 3 வரை) வைத்து ஒப்பிடுவது நல்ல யோசனைதான். ஆனால் 3, 4, 5ஆம் கேள்விகளைப் பார்: தூக்கம், அசதி, பசி. மனச்சோர்வே இல்லாதவருக்கும் ராத்திரி வேலை இந்த மூன்றையும் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு கேள்வியும் இரு குழுவிலும் நடந்துகொள்ளும் விதத்தில் உள்ள வித்தியாசத்துக்குச் சராசரி 0, மாறுபாடு 0.01 என்று நார்மல் ப்ரையர் (தரவைப் பார்க்கும் முன்பே வைக்கும் மணி வடிவ ஊகம்) போட்டிருக்கிறாய். புள்ளியியலாளர்கள் முத்தேனும் அஸ்பரூகோவும் 2013இல் சொன்ன வழி. வித்தியாசம் பெரும்பாலும் ±0.2க்குள் இருக்கும் என்பது அதன் பொருள். சின்னச் சின்ன வித்தியாசம் இரு பக்கமும் சிதறிக் கிடந்தால் இது அருமையாக வேலை செய்யும். உன் தரவில் சிதறாது, ஒரே பக்கம் சாயும்.

கணக்குப் போட்டுப் பார். லோடிங் (கேள்வி மனச்சோர்வோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற எண்) எல்லாம் 1, இரு குழுவின் உண்மையான மனச்சோர்வும் சமம், அந்த மூன்று கேள்விகளின் த்ரெஷோல்டுகள் (ஒரு விடையிலிருந்து அடுத்த பெரிய விடைக்குத் தாண்டும் வரம்புகள்) மட்டும் இரவுக் குழுவில் 0.5 இறங்கியிருக்கின்றன என்று வை. நார்மல் ப்ரையர் வித்தியாசத்தின் வர்க்கத்துக்குத்தான் தண்டனை போடும். அதனால் மூன்று பெரிய வித்தியாசங்களை விட ஒன்பது சிறிய வித்தியாசங்களே அதற்கு மலிவு. இரவுக் குழுவின் மனச்சோர்வுச் சராசரி 3 × 0.5 ÷ 9, அதாவது 0.17 ஏறிவிடும். த்ரெஷோல்டுகளில் அந்த மூன்றும் 0.33 மட்டுமே இறங்கியதாகவும், குற்றமறியாத ஆறும் 0.17 ஏறியதாகவும் காட்டும். மாடல் தரவோடு கச்சிதமாகப் பொருந்துவதால் பிபிபி மதிப்பு (பொருத்தம் கெட்டால் காட்டிக்கொடுக்கும் எண்) வாயே திறக்காது. மாறுபாட்டை 0.05 ஆக்கினாலும் மையம் ஏறத்தாழ அங்கேயே நிற்கும், பரவல்தான் விரியும். அதைப் பார்த்து ‘முடிவு உறுதி’ என்று எழுதிவிடாதே!

ஆறு கேள்விகள் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்தால் அதுதான் அடையாளம். அப்போது அந்த மூன்றையும் முழுக்க விடுவித்து, மற்ற ஆறையும் இரு குழுவிலும் சமமாகக் கட்டி மறுபடி ஓட்டு. இல்லையென்றால் ஹார்ஸ்ஷூ ப்ரையர் போடு. அது சிறியதை நசுக்கும், பெரியதை விட்டுவிடும். ஒன்பதும் சேர்ந்து நகர்ந்திருந்தால் எந்த மாடலாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆட்களிடம் நேரில் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் சில. நாலு செயின் (தனித்தனியாகத் தொடங்கும் கணக்கு ஓட்டங்கள்) ஓட்டு, அவை ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் ஆர்-ஹேட் 1.01க்குக் கீழே வரட்டும். ஒரு லோடிங்கையாவது நேர்மறை என்று கட்டு, இல்லாவிட்டால் ஒரு செயின் குறியைப் புரட்டிக்கொண்டு நிற்கும். சாவையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதையும் பற்றிய எண்ணத்தைக் கேட்கும் 9ஆம் கேள்வியில் விடை 3ஐ ஒருவரும் தொடாமல் போகலாம். அப்படியானால் 2ஐயும் 3ஐயும் இரு குழுவிலும் ஒரே மாதிரி சேர்த்துவிடு. ஆனால் அந்தக் கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே அந்த ஆளைக் கவனி. மாடல் காத்திருக்கும்.

முதல் ஐம்பது படிவங்கள் வந்ததும் 3, 4, 5இன் விடைப் பரவலை மட்டும் அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

உன்,
மீனா