எம் புக் எழுதிய அப்பாவுக்கு

ஸ்கார்பரோ, ஒன்டாரியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன? போனில் என் இன்ஜினியர் லைசென்ஸ் பேச்சை எடுத்தாலே அம்மா போனை வாங்கி, குழந்தை சாப்பிட்டாளா, குளிருக்குச் சாக்ஸ் போட்டாளா என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் இதை மெயிலில் எழுதி, தம்பியிடம் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.

"எட்டு வருஷ சர்வீஸ் சர்ட்டிபிகேட் இருக்கிறதே, இன்னும் என்னதான் கேட்கிறார்கள்?" என்று போன வாரம் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நம்மூரில் பி.இ. முடித்த மறுநாளே இன்ஜினியர். இங்கே பி.இ.ஓ. என்கிற ஒன்டாரியோ இன்ஜினியர்கள் அமைப்பு லைசென்ஸ் கொடுத்தால்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியும். என் விசிட்டிங் கார்டில் 'ஸ்ட்ரக்சுரல் டிசைனர்' என்றுதான் இருக்கிறது. உயரமான சுவரை ஒட்டிய தாழ்வான கூரையில் பனி எவ்வளவு குவியும், அதை எந்த பீம் தாங்கும் என்று நான்தான் கணக்குப் போடுகிறேன். ஆனால் அந்தத் தாளில் பாஸின் முத்திரை விழுந்த பிறகுதான் அது ஆபீஸை விட்டு வெளியே போகும். அம்மா சொந்தக்காரர்களிடம் என்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்வதில் ஆட்சேபம் இல்லை. ஒன்டாரியோ சட்டம் பாளையங்கோட்டை வரை வராது.

படிப்பு சம்பந்தப்பட்டதைத் தாண்டிவிட்டேன். தொழில் நெறி, சட்டம் பற்றி ஒரு பரீட்சை உண்டு. 110 கேள்விகள், இரண்டரை மணி நேரம். உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். ஆளைப் போட்டு அலைக்கழிப்பது அனுபவம்தான். 48 மாத அனுபவம் வேண்டும். 2023 மே மாதம் வரை அதில் 12 மாதமாவது கனடாவில், லைசென்ஸ் உள்ள இன்ஜினியரின் கீழ் இருந்தாக வேண்டும் என்று விதி. வேலை கேட்டுப் போனால் கனடா அனுபவம் எங்கே என்பார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு டாக்ஸி ஓட்டிய இன்ஜினியர்களின் கதை இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. இப்போது அந்த விதியை எடுத்துவிட்டார்கள். நம்மூரில் செய்த வேலையையே காட்டலாம்.

ஆனால் எப்படிக் காட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏழு தலைப்புகளில் 34 திறன்கள் கொடுத்திருக்கிறார்கள். விதிகளும் ஸ்டாண்டர்டுகளும் தெரியுமா, ஆபத்தை முன்கூட்டிப் பார்த்தாயா, செலவைக் கணக்கிட்டாயா, மற்றவர்களுக்குப் புரியும்படி சொன்னாயா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நாம் செய்த வேலையிலிருந்து ஒரு சம்பவத்தை எழுத வேண்டும். நிலைமை என்ன, நீ என்ன செய்தாய், அதனால் என்ன ஆயிற்று? அப்புறம் நமக்கு நாமே 0 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். அந்த வேலையை நேரில் அறிந்தவர்கள் அதைப் படித்து, அவர்களும் மதிப்பெண் போடுவார்கள். என் சர்ட்டிபிகேட்டில் இருப்பதெல்லாம் சேர்ந்த தேதி, விலகிய தேதி, நன்னடத்தை, 'எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்'. என் நன்னடத்தையை இங்கே ஒருவரும் கேட்கவில்லை அப்பா.

கோவில்பட்டி பள்ளிக்கூடக் கட்டடம் ஞாபகம் இருக்கிறதா? அதைத்தான் முதலில் எழுதினேன். மண் பரிசோதனைக்கு ரோட்டுப் பக்கம் மட்டும் போர் போட்டிருந்தார்கள். பின்பக்கம் குழி தோண்டினால் கரிசல் போய்க்கொண்டே இருக்கிறது, வெடிப்பில் என் முழங்கை வரை உள்ளே போகிறது. விசாரித்தால் அது தூர்ந்துபோன ஊருணி. கான்கிரீட் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அங்கே இன்னொரு போர் போட வைத்தேன். ஆழமில்லாத புட்டிங் அடித்தளத்தை விட்டுவிட்டு, இந்திய ஸ்டாண்டர்டு ஐ.எஸ். 2911 மூன்றாம் பகுதிப்படி அண்டர்ரீம்டு பைல், அதாவது அடிப்பக்கம் குமிழாக அகன்ற கான்கிரீட் தூண்களை, மண்ணுக்குள் ஆழமாகப் போட்டோம். மழையில் மண் உப்பினால் பீமைத் தூக்கிவிடாதபடி அடியில் இடைவெளியும் விட்டோம். ஓனர் செலவைச் சொல்லிக் குதித்தார். விரிசல் விட்ட பக்கத்து ஊர் கட்டடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டிய பிறகுதான் அடங்கினார்.

இத்தனையையும் நான் "குழுவாக ஆலோசித்து அடித்தளம் மாற்றியமைக்கப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். கூட வேலை பார்க்கும் பெண் படித்துவிட்டு, "மாற்றியது யார்? இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்றாள். என்ன பார்த்தேன், எதைச் சந்தேகப்பட்டேன், வேறு என்ன வழிகளை யோசித்துக் கைவிட்டேன், எந்தக் கணக்கு நான் போட்டது, எதைச் சாரிடம் கேட்டேன் என்று பிரித்து எழுதியபோது, அந்த ஒரே சம்பவம் ஆபத்து, செலவு, பேச்சுத்திறன் என்று பல தலைப்புகளுக்கு உதவியது. நம்மை நாமே பெரிதாகச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவளுக்கு முதல் சில பக்கங்கள் கூச்சமாகத்தான் இருந்தன.

அந்த சைட்டில் எனக்கு மேலே இருந்த சார் இப்போது கோயம்புத்தூரில் பேரனோடு இருக்கிறார். நான் எழுதியதைச் சரிபார்த்துத் தர முடியுமா என்று கேட்டேன். "உனக்கென்னம்மா, எல்லாத்துக்கும் 5 போட்டுடறேன்" என்றார்! அப்படிப் போட்டால் என்னோடு சேர்த்து அவரையும் நம்ப மாட்டார்கள் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கம்பெனியோ, ஆட்கள் மாறிவிட்டார்கள், பழைய ரெக்கார்டு இல்லை என்று கையை விரித்துவிட்டது. அதனால் நீங்கள் அங்கே போய்ப் புது சர்ட்டிபிகேட்டுக்கு அலைய வேண்டாம்.

பரீட்சைக்குப் படிக்கும்போது கனடாவின் கியூபெக் பாலத்தைப் பற்றியும் படித்தேன். 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டும்போதே இடிந்து 75 பேர் செத்துப்போனார்கள். சைட்டில் இருந்த இளம் இன்ஜினியர், பாலத்தின் அடிப்பக்கம் பாரம் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்று இரண்டு அங்குலத்துக்கு மேல் வளைந்திருப்பதை அளந்து எழுதி, நியூயார்க்கில் இருந்த ஆலோசகரிடம் நேரிலேயே போனார். இனிமேல் பாரம் ஏற்றாதீர்கள் என்று அங்கிருந்து, பாலத்தைக் கட்டிய கம்பெனியின் பென்சில்வேனியா ஆலைக்குத் தந்தி போனது. கியூபெக்கில் வேலையை நிறுத்துவதற்குள் பாலமே விழுந்துவிட்டது. விசாரணைக் கமிஷனுக்கு யாருக்கு எப்போது என்ன தெரியும் என்று காட்டிக்கொடுத்தவை அந்தக் கடிதங்களும் அளவுகளும்தான். படித்தபோது, முடிந்த வேலையை அளந்து நீங்கள் எழுதிவைத்த எம் புக், அதாவது மெஷர்மென்ட் புக், நினைவுக்கு வந்தது. மையில்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும் என்று கால்வாய் வேலைக் காலத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! பில் பாஸ் ஆவதற்குத்தான் அவ்வளவு கெடுபிடி என்று அப்போது நினைத்தேன்.

தம்பி இப்போது மெட்ரோ சைட்டில் இருக்கிறான். வெளிநாடு போகிறானோ இல்லையோ, வாரம் அரைப் பக்கமாவது எழுதி வைக்கச் சொல்லுங்கள். என்ன சிக்கல் வந்தது, அவன் என்ன முடிவு எடுத்தான், யார் கூட இருந்தார்கள் என்பது போதும். கம்பெனி டிராயிங்கைக் காப்பி எடுக்கக் கூடாது. சொந்த வார்த்தையில் எழுதினால் போதும். மேலதிகாரிகளின் சொந்த நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், ஆபீஸ் நம்பர் எத்தனை நாள் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. நான் சொன்னால் அக்கா உபதேசம் என்பான்.

உங்களிடம் ஒரு வேலை. பரணில் என் கல்யாணத்துக்கு முந்தைய டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் என் சைட் டைரிகள், நீல அட்டை போட்டவை. கோவில்பட்டி வேலை நடந்த வருஷத்து டைரி வேண்டும். கிடைத்தால் பக்கம் பக்கமாக போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரண்டாவது போர் எந்தத் தேதியில் போட்டோம், கரிசல் எத்தனை மீட்டரில் முடிந்தது என்பது அதில்தான் இருக்கும். முழங்காலை வைத்துக்கொண்டு நீங்கள் ஸ்டூலில் ஏற வேண்டாம். தம்பி லீவில் வரும்போது ஏறட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்