கரண்ட் போனால் போனும் போகும்: பைபர் போட வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் வீடு வீடாகப் பைபர் என்ற கண்ணாடி நார் வயரை இழுத்துக்கொண்டிருக்கும் தொலைபேசிக் கம்பனியின் பொறுப்பாளர்களுக்கு,
பிரதி: இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு

வணக்கம்.

போன ஆவணி மாதம் உப்புவெளியில் அம்மாவின் வீட்டுக்கு உங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். கொளுத்தும் வெயிலில் நின்று, போஸ்டிலிருந்து முற்றத்து மாமரத்துக்கு மேலால் கறுப்பு வயரை இழுத்து, விறாந்தைச் சுவரில் துளை போட்டு உள்ளே எடுத்தார்கள். ஒருவர் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, தலைமயிர் தடிப்பில் இருந்த கண்ணாடி நாரை உரித்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, பச்சைத் தலை வைத்த முனையைப் பெட்டியில் செருகினார். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்ததும் தன் கைபேசியில் வேகம் எவ்வளவு என்று அம்மாவுக்குக் காட்டினார். அம்மாவுக்கு அந்த எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை.

"தம்பி, கரண்ட் போனா இது என்ன செய்யும்?"

"நிக்கும் அம்மா. கரண்ட் வந்தா தானா வரும்."

"அப்ப போன்?"

தம்பி கொஞ்சம் யோசித்தாராம். "போனும் இனி இதுக்குள்ளால தானே அம்மா." சொல்லிவிட்டுப் பழைய செம்பு வயரைச் சுருட்டி ஏணியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் கம்பனியிடமிருந்து அம்மாவுக்குக் கிடைத்த ஒரே விளக்கம் அதுதான். அதுவும் அவர் கேட்டபடியால் கிடைத்தது. வாசலில் தந்துவிட்டுப் போன விளம்பரத் தாளில் வேகம் இருந்தது, மாதக் கட்டணம் இருந்தது, கிரிக்கெட் பார்க்கும் ஒரு குடும்பத்தின் படமும் இருந்தது. கரண்ட் போனால் வீட்டுப் போன் வேலை செய்யாது என்ற ஒரு வரியை மட்டும் காணவில்லை.

பைபர் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வேண்டும், கட்டாயம் வேண்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீடு அது. உப்புக்காற்று செம்பை விட்டுவைக்காது. இணைப்புகள் பச்சை பிடித்து, மாரி தொடங்கினால் ரிசீவருக்குள் கச்சான் வறுக்கிற மாதிரி ஒரு சத்தம். தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட, செம்பு வயரில் வரும் ஏடிஎஸ்எல் இணையத்தின் வேகம் விழுந்துகொண்டே போகும். கண்ணாடி நாருக்கோ 20 கிலோமீற்றர் வரை அந்தக் கவலை பெரிதாக இல்லை. இடி மின்னலில் செம்பு வழியே வந்த அடியில் இரண்டு ரவுட்டர் கருகிப்போனதையும் நான் மறக்கவில்லை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பது அந்த வகையில் பெரிய ஆறுதல். ஆனால் எங்களுக்கு வந்த வில்லங்கமும் அதே இடத்தில்தான்.

கார்த்திகையில் ஒரு இரவு. பின்னேரம் தொடங்கிய மழை விடவில்லை, ஒன்பது மணிபோல கரண்ட் போனது. இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்திருக்கிறது. வருஷக்கணக்காகச் செய்த மாதிரியே இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போய் ரிசீவரைத் தூக்கினார். அந்தக் 'கூ' சத்தம் இல்லை. கையால் தட்டிப் பார்த்தார், வைத்துவிட்டு மறுபடி தூக்கினார். நான் வாங்கிக் கொடுத்த கைபேசி அலுமாரிக்குள் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. 1990 என்ற நான்கு இலக்கத்தை அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும் என்பது அவருக்கு மனப்பாடம், போனுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன். அதை அழுத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முன்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், விடியப்புறம் கரைவலைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளோடு வரும்வரை.

அம்மா தப்பிவிட்டார். மட்டக்களப்பில் வேலை பார்க்கும் நான் ஏழு மணிக்குத்தான் அறிந்தேன்.

பழைய போன் ஏன் கரண்ட் இல்லாமலும் பேசியது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. எக்ஸ்சேஞ்சில் அடுக்கி வைத்திருக்கும் பற்றரிகளிலிருந்து 48 வோல்ற் அதே செம்புச் சோடி வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. போனுக்குத் தேவையான மின்சாரத்தைக் கம்பனியே கொடுத்தது, மாத வாடகைக்குள் அதுவும் அடக்கம். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் நம்முடைய மாவட்டக் கரையைக் கடந்தபோது ஊரே இருட்டு. அன்றைக்கு அம்மாவோடு மூன்று தடவை பேசினேன். இப்போது வருவது வெறும் வெளிச்சம். அதைப் பேச்சாக மாற்றும் பெட்டி சுவர் பிளக்கில் தொங்குகிறது. பொறுப்பு உங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து எங்கள் விறாந்தைக்கு இடம் மாறிவிட்டது. இடம் மாறிய செய்தியை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக வராமல் தெருவோரத்து இரும்புப் பெட்டியிலிருந்து செம்பு வந்த வீடுகளும் உண்டு. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பற்றரி சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும், அதற்குப் பிறகு அந்த வீடுகளிலும் போன் ஊமைதான். பைபரில் அந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது வெளிச்சத்தை 32 ஆகவோ 64 ஆகவோ பங்கு பிரித்துவிடும் ஒரு சின்னக் கண்ணாடிப் பிரிப்பான். அதற்குக் கரண்டே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் ஜெனரேற்றர் ஓடி, வீட்டில் ஒரு பற்றரியும் இருந்தால் தெருவெல்லாம் இருண்டு கிடந்தாலும் போன் பேசும். இவ்வளவு நல்ல முறையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி முழத்தில் கோட்டை விடுகிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தப் பற்றரியை நானே கடையில் தேடினேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் நாடெங்கும் பரவிய அந்தச் சின்ன ரவுட்டர் யூபிஎஸ் இப்போதும் கிடைக்கிறது. மட்டையில் 8,800 மில்லி அம்பியர்-மணி என்றும் எட்டு மணித்தியாலம் தாங்கும் என்றும் போட்டிருந்தது. கணக்குப் பார்த்தேன். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ற் செல்லுக்கு உரியது. பெருக்கினால் ஏறக்குறைய 32 வாட்-மணி. உங்கள் பெட்டி 10 வாட் இழுத்தால் மூன்று மணித்தியாலத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே அதிசயம். 12 வோல்ற், 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி என்றால் காகிதக் கணக்கில் 84 வாட்-மணி, ஒரு இரவில் பெரும்பகுதியை ஓட்டலாம். இதையெல்லாம் நான் இருந்து கணக்குப் பார்க்கலாம். எழுபத்தெட்டு வயது மனுஷி பார்ப்பாரா?

வேறு வழிகளும் இருக்கின்றன என்பீர்கள். சொன்னால்தானே தெரியும்? பெட்டியின் பின்னால் போன் செருகும் துளை இருக்கிறது, சாதாரண வயர் போனை அதில் போட்டால் போதும். வயர் இல்லாத கோட்லெஸ் போனை வைத்திருக்கும் வீட்டில் பெட்டிக்கு மட்டும் பற்றரி கொடுத்து என்ன பலன், அந்தப் போனின் தாய்க்கட்டைக்கும் கரண்ட் வேண்டுமே. எண்ணைச் சுற்றி எடுக்கும் பழைய போனைப் பல பெட்டிகள் விளங்கிக்கொள்ளாது. மணி அடிக்கும், ஆனால் இங்கிருந்து எடுக்க முடியாது. (அப்பாவின் அந்தக் கறுப்புப் போனை அம்மா இன்னும் துடைத்து வைக்கிறார், அது வேறு கதை.) சிம் போடும் மேசைப் போன் ஒன்று இன்னொரு வழி, அதற்குள்ளேயே பற்றரி இருக்கும். ஆனால் கோபுரத்தில் இருக்கும் பற்றரியும் எல்லையில்லாதது அல்ல, நீண்ட நேரம் கரண்ட் இல்லையென்றால் அதுவும் படுத்துவிடும். அதனால்தான் ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு வழி வைத்திருக்கச் சொல்கிறேன், அம்மா மாதிரித் தனியே இருப்பவர்களுக்கு.

அம்மாவின் அறைக்குள் இரண்டாவது போன் ஒன்றும் இருந்தது, பைபர் வந்ததோடு அது செத்துப்போனதும் தேவையில்லாத சாவு. வெளியிலிருந்து வந்த செம்பு வயரைச் சுவர்ப் பெட்டியில் கழற்றிவிட்டு, புதுப் பெட்டியின் போன் துளையிலிருந்து ஒரு வயரைப் பழைய சுவர்த் துளைக்குக் கொடுத்தால் வீட்டுக்குள் இருக்கும் பழைய வயரிங் முழுவதும் உயிர் பெறும். வெளி வயரைக் கழற்றாமல் மட்டும் செய்யக்கூடாது. பத்து நிமிஷ வேலை. உங்கள் பிள்ளைகளுக்கு அன்று அதே தெருவில் இன்னும் ஆறு வீடு இருந்தது போலும்.

தங்கச்சி லண்டனில் இருக்கிறாள். அங்கேயும் இதே மாற்றம்தான் நடக்கிறது. செம்பு முறையை 2025 டிசம்பரோடு நிறுத்துவதாக இருந்தார்கள், பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளினார்கள். விழுந்தால் அமத்துவதற்காக வயோதிபர் கழுத்தில் தொங்கவிடும் அபாய மணிகள் புது லைனில் வேலை செய்யாமல் போன சம்பவங்கள் அதற்கு ஒரு முக்கிய காரணம். அங்குள்ள ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம், வீட்டில் கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணித்தியாலம் அவசர அழைப்பு எடுக்க ஒரு வழியைக் கம்பனி கொடுக்க வேண்டும், வீட்டுப் போனை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மாரிக்கு மாரி இருண்டுபோகும் எங்கள் பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் காணாது. ஆனாலும் பூச்சியத்தை விட ஒன்று பெரிது.

லைன் அறுந்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. செம்பு அறுந்தால் ஆள் போஸ்டில் ஏறிக் கையால் முறுக்கிவிட்டு இறங்கிவிடுவார். கண்ணாடி நாரை ஒட்ட மெஷின் வேண்டும், அது தெரிந்த ஆள் வேண்டும். தென்னை மட்டை ஒன்று விழுந்தால் ஒரு வீடு. பிரிப்பானுக்கு முன்னால் இருக்கும் நார் அறுந்தால் அதில் தொங்கும் அத்தனை வீடும். மெஷின் திருகோணமலையிலேயே இருக்கிறதா, வேறு ஊரிலிருந்து வர வேண்டுமா? கிண்ணியா, மூதூர், குச்சவெளிக்கு எத்தனை நாள்? நகரத்துக்கு வருகிற பெரிய நார் ஹபரணைப் பாதையால் மட்டும் வருகிறதா, அனுராதபுரம் அல்லது மட்டக்களப்பு வீதியாலும் இன்னொன்று வருகிறதா? ஒரே வழி என்றால் வீதி அகலிக்க மண் தோண்டும் ஒரு பெக்கோ மெஷின் போதும், ஊர் முழுக்க மௌனம்.

ஆணைக்குழுவுக்கு ஒரு வார்த்தை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம், நம்பகமான, வினைத்திறனான தொலைத்தொடர்புச் சேவை நாட்டுக்குக் கிடைப்பதை உறுதிசெய்யச் சொல்கிறது. செம்பைக் கழற்றுமுன் கரண்ட் விஷயத்தை வீட்டுக்காரருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் வாயால் சொல்லி, எழுத்திலும் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். தனியே வாழும் முதியவர், நோயாளி இருக்கும் வீடு என்றால் பற்றரி இல்லாமல் செம்பைத் தொடக்கூடாது. 026 இல் தொடங்கும் அதே பழைய இலக்கம் கிடைக்குமா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தெரிந்த அத்தனை பேரும் நாற்பது வருஷமாக அந்த ஒரு இலக்கத்துக்குத்தான் எடுக்கிறார்கள்.

கம்பனிக்காரருக்குத் திரும்பி வருகிறேன். உப்புவெளி வீட்டுக்கு ஒரு பற்றரியும், அறைப் போனுக்கு ஒரு வயர்த் துண்டும் பாக்கி. அந்தத் தம்பியையே அனுப்புங்கள், அம்மாவுக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை. காலை பத்து மணிக்குப் பிறகு வரட்டும், அதற்கு முன் அம்மா கோயிலில் இருப்பார். மாமரத்தில் இப்போது முசுறு கூடு கட்டியிருக்கிறது, ஏணி சாத்தும்போது கவனம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளி அம்மாவின் மூத்த மகன்