ஜூலை 31 வரை அந்தப் புல்லைத் தொடாதீர்கள்

எங்கள் கவுண்டியின் சாலைத் துறையினருக்கு,

வணக்கம். சாலையோரப் புல்லை வெட்டுவது பற்றிப் போன வருஷம் ஒரு மின்னஞ்சல், இந்த ஜூனில் இரண்டு, நடுவில் ஒரு ஃபோன். எல்லாமே ஆங்கிலத்தில்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதனால் இந்தத் தடவை தமிழில் எழுதுகிறேன், படிக்காமல் போடப்போகிற கடிதம் எந்த மொழியில் இருந்தால் என்ன? மினசோட்டாவில் இருக்கிற நாலு தமிழர்களாவது படிப்பார்கள்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் விடிவதற்கு முன்னால் காரை ஓரங்கட்டிவிட்டு, கையில் அட்டையும் கழுத்தில் பைனாகுலருமாக அசையாமல் நிற்பேனே, உங்கள் ஊழியர் ஒருவர்கூட "வண்டி ரிப்பேரா?" என்று அக்கறையாகக் கேட்டாரே, அந்த ஆள். கூடு கட்டும் பறவைகளைச் சாலையோரமாக எண்ணும் கணக்கெடுப்பு. 24.5 மைல் பாதை, அரை மைலுக்கு ஒரு நிறுத்தம், மொத்தம் 50, ஒவ்வொன்றிலும் சரியாக மூன்று நிமிடம். சூரியன் வருவதற்கு அரை மணி முன்னால் முதல் நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்பதால் எனக்கு அலாரம் இரண்டே முக்காலுக்கு. சம்பளம் கிடையாது, பெட்ரோலும் என் காசு. அதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆசைப்பட்டு வந்த வேலை.

என் குறை 27-ஆம் நிறுத்தத்தைப் பற்றியது.

அந்த இடத்தில் ஒவ்வொரு வருஷமும் பாபோலிங்க் என்ற புல்வெளிப் பறவை இருக்கும். ஆண் பறவை, வயிறு கறுப்பு, முதுகில் வெள்ளை, பிடரியில் வெண்ணெய் நிறம், யாரோ கோட்டைத் திருப்பிப் போட்டுவிட்ட மாதிரி. பாட்டைக் கேட்டால் பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடுகிற ஞாபகம் வரும். அர்ஜென்டினா, பராகுவே பக்கமிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் பறந்து வந்து, இங்கே தரையில், புல்லுக்கு அடியில் கூடு கட்டுகிறது. குஞ்சுகள் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டைவிட்டு இறங்கி, அதே புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இந்த ஜூன் மூன்றாவது வாரம் நான் அங்கே போய் இறங்கியபோது மணி ஏழு இருபது. உங்கள் டிராக்டர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்க் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, வெட்டின புல்லின் பச்சை வாசனை அப்படியே இருந்தது. சாலை விளிம்பிலிருந்து வேலிக்கம்பி வரை ஒரே சவரம். என் ஷூகூட மறையாத உயரம். பாட்டு இல்லை. ஒரு பெண் பாபோலிங்க் மட்டும், வாயில் ஒரு பச்சைப் புழுவோடு, சின்ன வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. இறங்கப் பார்க்கும், இறங்காது, மறுபடி மேலே போகும். கடைசி வரை அந்தப் புழுவை அது விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

விதிப்படி அதையும் எண்ண வேண்டும். எண்ணினேன். பாபோலிங்க், 1. அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் "வாயில் இரை, கூட்டைக் காணோம்" என்று எழுத அட்டையில் இடம் கிடையாது. கடந்துபோன கார்களின் எண்ணிக்கையை எழுத இடம் உண்டு, இரைச்சல் அதிகமா என்று குறிக்கவும் இடம் உண்டு. நாளைக்கு இந்தத் தரவைத் திறந்து பார்க்கிற ஆராய்ச்சியாளருக்கு 27-இல் ஒரு பாபோலிங்க் இருந்தது என்று மட்டும்தான் தெரியும்.

சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த மாநிலத்தில் ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் ஓரத்திலிருந்து முதல் எட்டு அடியை எப்போது வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். அதற்கு அப்பால் முழு அகலத்தையும் வெட்டுவது ஜூலை 31-க்குப் பிறகுதான். பாதுகாப்புக்காக முன்னாலேயே வெட்ட நேர்ந்தாலும் 12 அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது. கூடு கட்டும் பறவைகளுக்காகத்தான் இது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 27-ஆம் நிறுத்தத்தில் வளைவு இல்லை, சந்திப்பு இல்லை, ஸ்கேல் வைத்துப் போட்ட சாலை. எதை மறைத்தது அந்தப் புல்?

எனக்கு ஒன்று மட்டும் புரிவதே இல்லை. 1966-இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவை ஆய்வாளர் இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கியதிலிருந்து, பறவையை எண்ணு எண்ணு என்று ஒரு அரசாங்கம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எண்ண நாங்கள் போய் நிற்கிற இடத்தில் கூட்டை வழித்து எடுக்க இன்னொரு அரசாங்கம் டிராக்டர் அனுப்புகிறது. 1970-க்குப் பிறகு வட அமெரிக்காவில் கிட்டத்தட்ட 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் செய்தி வந்ததே, எல்லோரும் ஐயோ என்றார்களே, அந்தக் கணக்கில் பெரும்பங்கு எங்களைப் போன்றவர்கள் சாலையோரத்தில் நின்று எழுதியது. அதிலும் புல்வெளிப் பறவைகள்தான் மோசம், பாதிக்கு மேல் போய்விட்டன. காரணம் ஆயிரம் இருக்கும், எல்லாப் பழியையும் உங்கள் டிராக்டர் மேல் போட நான் வரவில்லை. ஆனால் புல் ஒரு சாண் வளர்ந்தால் நாட்டின் மானமே கப்பலேறிவிடும் என்று யார் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? வீட்டு முன்னால் வெட்டுகிறார்கள், சர்ச் முன்னால் வெட்டுகிறார்கள், யாருமே கால் வைக்காத பள்ளத்தில் இறங்கியும் வெட்டுகிறார்கள். இப்படியே போனால் சோளக் காட்டையும் ஒருநாள் கிராப்பு வெட்டி விடுவார்கள்.

சரி. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். டிராக்டர் ஓட்டுகிறவர் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வெட்டச் சொன்னார்கள், வெட்டினார். சொன்னவர்களிடம்தான் கேட்கிறேன். எட்டு அடி உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை ஜூலை 31 வரை விடுங்கள். புதிதாகச் செலவு எதுவும் இல்லை, டீசல்கூட மிச்சம். ஏதாவது ஒரு இடத்தில் கட்டாயம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பிளேடை ஒரு அடிக்கு மேலே தூக்கி வையுங்கள்.

இந்த நிறுத்தத்தை என் இஷ்டத்துக்கு வேறு இடத்துக்கு மாற்ற முடியாது, வருஷா வருஷம் அதே இடம் என்பதுதான் இந்தக் கணக்கெடுப்பின் உயிர். அதனால் அடுத்த ஜூனிலும் ஏழு இருபது வாக்கில் அங்கேதான் நிற்பேன். அதற்கு முன்னால், உங்கள் புல்வெட்டும் அட்டவணையில் அந்தச் சாலைக்கு என்ன தேதி போட்டிருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். தயவுசெய்து அது ஆகஸ்டாக இருக்கட்டும்.

பதில் ஆங்கிலத்தில் இருந்தாலே போதும்.

இப்படிக்கு,
27-ஆம் நிறுத்தத்தில் நிற்கும் ஆள்