புதிதாக அனிமே பார்ப்பவருக்கு எதைச் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய அனிமேஷன் படைப்புகளான அனிமேவுக்குப் புதியவர்களுக்கென்று வரும் பரிந்துரைப் பட்டியல்களில் 'நருட்டோ'வும் 'ஒன் பீஸ்'ஸும் அடிக்கடி முதலில் நிற்கின்றன. இரண்டும் அந்தப் புகழுக்கு உரியவைதான். ஆனால் முதல் தொடராகப் பார்க்க இரண்டும் சரிப்படாது. 'நருட்டோ' 220 எபிசோட். அதன் தொடர்ச்சியான 'ஷிப்புடென்' இன்னொரு 500. 'ஒன் பீஸ்' ஆயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. நீளத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். வாராவாரம் ஒளிபரப்பாகும் தொடர், மூலக்கதையான மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, எட்டிப் பிடித்துவிட்டால் மேலே சொல்லக் கதை இருக்காது. மாங்காவில் இல்லாத கிளைக்கதைகளைப் போட்டு வாரங்களை ஓட்டுவார்கள். ரசிகர்கள் ஃபில்லர் என்பது இதைத்தான். 'நருட்டோ'வில் 136ஆவது எபிசோடிலிருந்து கிட்டத்தட்ட கடைசி வரை ஃபில்லர். இது தெரியாத புதியவர், அனிமே என்றாலே இழுவை என்று முடிவுகட்டிவிடுகிறார்.

முதல் தொடர் கதை முடிந்ததாக இருக்க வேண்டும். கூடியவரை 26 எபிசோடுக்குள் அடங்க வேண்டும். ஒரு எபிசோட் 24 நிமிடம் என்றால், 12 எபிசோட் தொடரை ஐந்து மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். பிடிக்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

எதையும் சொல்வதற்கு முன், அவர் ஏற்கெனவே எந்த மாதிரிக் கதைகளை விரும்பிப் பார்க்கிறார் என்று கேட்க வேண்டும். துப்பறியும் கதை பிடிக்குமென்றால் 'டெத் நோட்'. பெயரை எழுதினால் ஆள் செத்துவிடும் நோட்டு ஒரு மாணவன் கையில் சிக்குகிறது. அவனை ஒரு துப்பறிவாளன் நெருங்குகிறான். முதல் எபிசோடிலேயே ஆளை உட்கார வைத்துவிடும். 37 எபிசோடில் 25க்குப் பிறகு விறுவிறுப்பு குறைகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தொடர்கதையே ஒத்துவராது என்பவருக்கு 26 எபிசோட் கொண்ட 'முஷிஷி'. ஒவ்வொன்றும் தனிக்கதை, அவசரமில்லாத நடை. 'கவ்பாய் பீபாப்'பும் 26 எபிசோட்தான், பெரும்பாலும் தனித்தனிக் கதைகள். அதன் திரைப்படத்தைப் பார்ப்பதானால் 22க்கும் 23க்கும் நடுவே பார்க்க வேண்டும். கதைப்படி அதன் இடம் அதுதான்.

நீண்ட சாகசக் கதைதான் வேண்டும் என்பவருக்கு நீள வரம்பை இன்னும் தளர்த்தி, 64 எபிசோட் கொண்ட 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்'டைச் சொல்லலாம். இங்கே ஒரு குழப்பம் வரும். 2003இல் வந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' வேறு தொடர். அப்போது மாங்கா முடியாததால் அது பாதியில் தனிவழி போய்விட்டது. 2009இல் தொடங்கிய 'பிரதர்ஹுட்' மாங்காவைக் கடைசி வரை பின்பற்றுகிறது. இதுபோன்ற குழப்பம் 'டீமன் ஸ்லேயர்' தொடரிலும் உண்டு. அதன் முதல் சீசனின் 26 எபிசோடை முடித்தவர் அடுத்து 'முகென் ட்ரெயின்' கதையைப் பார்க்க வேண்டும். அது திரைப்படமாகவும் இருக்கிறது, 7 எபிசோடாகவும் இருக்கிறது. ஏதாவது ஒன்று போதும். இரண்டையும் விட்டால் அடுத்த சீசன் புரியாது.

மூன்று எபிசோட் பார்த்துப் பிடிக்காவிட்டால் விட்டுவிடு என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. 'மடோகா மேஜிகா'வுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். கதை தன் முகத்தைக் காட்டுவதே மூன்றாவது எபிசோடில்தான். 24 எபிசோட் கொண்ட 'ஸ்டைன்ஸ்;கேட்'டில் அந்தக் கணக்கு உதவாது. முதல் பாதியில் அற்பமாகத் தெரியும் பேச்சுகளும் சோதனைகளும் பிற்பாதிக்கான அடித்தளம். அந்தப் பொறுமை பழகியவருக்கே வரும் என்பதால், எவ்வளவு நல்ல தொடரானாலும் அதை இரண்டாவது, மூன்றாவதாகத்தான் சொல்வேன். 'இவாஞ்சலியன்' இன்னும் தள்ளி. அதன் 25, 26ஆம் எபிசோடுகளைப் பார்த்துக் குழம்பாதவர் குறைவு. 1997இல் வந்த 'தி எண்ட் ஆஃப் இவாஞ்சலியன்' திரைப்படத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு முழுமையாகும்.

வயது விஷயத்தில் கவனம் மிக அவசியம். 'மை நெய்பர் டோட்டோரோ', 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' இரண்டும் ஒரே நிறுவனம் 1988இல் ஒரே நாளில் வெளியிட்ட படங்கள். முதலாவதைச் சிறு குழந்தையோடு உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டாவதில் போர்க்காலத்தில் அண்ணனும் தங்கையும் பசியால் வாடிச் சாகிறார்கள். வரைந்த படம்தானே என்று குழந்தைக்குப் போட்டுவிடக் கூடாது.

தங்கள் இதழில் அனிமே பற்றி எழுதும்போது தொடரின் பெயரோடு எபிசோட் எண்ணிக்கை, கதை முடிந்ததா இல்லையா, எந்த வரிசையில் பார்ப்பது, எந்த வயதினருக்கு ஏற்றது ஆகிய நான்கையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்