மகளுக்கு: வேலைக்கு வேன் வாங்கும் முன்

அன்பு மகளுக்கு,

வயரிங் வேலையும் பைப் வேலையும் சொந்தமாக எடுக்க ஆரம்பித்துவிட்டாய், வாடகை வண்டியை நம்பி இனி முடியாது, எந்த வேன் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டால் ஒரே வரியில் கடிதம் முடிந்துவிடும். ஆனால் பெயரில் அவ்வளவு விஷயம் இல்லை. ஒரே மாடல், ஒரே வருடம், ஒருவர் கையில் அலுங்காமல் ஓடும். இன்னொருவர் கையில் மாதத்துக்கு ஒரு முறை பட்டறையில் நிற்கும். நீ ஏற்றப்போகும் எடைக்கும் நீ ஓடப்போகும் தூரத்துக்கும் ஒத்துவராத வண்டி, எவ்வளவு பெரிய கம்பெனியுடையதாக இருந்தாலும் படுத்துவிடும்.

அதனால் வண்டி பார்க்கப் போவதற்கு முன்னால் எடைக் கணக்கைப் போடு. எல்லா வண்டிக்கும் இரண்டு எடை உண்டு. வெறும் வண்டியின் எடை ஒன்று, லோடோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீ ஏற்றக்கூடியது. மொத்தம் 2800 கிலோ, வெறும் வண்டி 1900 என்றால் 900 கிலோ. கேட்க நிறையத் தெரியும். நீயும் உதவியாளும் 150. பிளைவுட்டில் அலமாரி அடித்தால் 120. கூரைக் கேரியரும் இரண்டு ஏணியும் 60. ட்ரில், கட்டர், திரெட்டிங் செட், டூல் பெட்டிகள் எல்லாம் 180. இங்கேயே 510 ஆகிவிட்டது. மிச்சம் 390. ஒரு அங்குல இரும்புக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ வரும். 3 மீட்டர் துண்டு 40 ஏற்றினால் 300 கிலோ. அதற்கு மேல் ஒரு மோட்டாரையும் ஒரு வாட்டர் ஹீட்டரையும் வைத்தால் மிச்சமும் தீர்ந்துவிடும். சிலர் சொல்லும் வெறும் எடையில் டிரைவரும் டீசலும் சேர்ந்திருக்கும், சிலர் சொல்வதில் சேர்ந்திருக்காது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள். பழைய வண்டியில் ஏற்கெனவே அலமாரி, கேரியர் இருந்தால் தாளில் உள்ள எண்ணை நம்பாதே, எடை மேடையில் ஏற்றிப் பார்.

வழக்கமான ஒரு நாளின் லோடு இந்தக் கணக்கில் முக்கால் பங்குக்குள் நிற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதைத் தாண்டி தினமும் ஓட்டினால் முதலில் அடி வாங்குவது எஞ்சின் இல்லை. பின் டயர், கமான் பட்டை, வீல் பேரிங், பிரேக், கிளட்ச் என்று வரிசையாகப் போகும். வேலை வண்டி அடிக்கடி பட்டறைக்குப் போகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இந்த வரிசையில்தான் இருக்கும்.

அடுத்தது உள்ளளவு. டேப்பை எடுத்துக்கொண்டு போ, விற்பவர் சொல்லும் கன அளவை விடு. முழு பிளைவுட் ஷீட் 2440க்கு 1220 மில்லிமீட்டர். உள்ளே பின் சக்கரத்துக்காகப் புடைத்து நிற்கும் இரண்டு மேடுகளுக்கு நடுவே 1220க்கு மேல் இருந்தால் ஷீட் தரையில் படுக்கும். இல்லாவிட்டால் மேட்டின் மேல் ஏறி அடியில் இடம் வீணாகும். நீளத்தைத் தரையில் அள, கதவின் உட்புறத்திலிருந்து தடுப்பு வரை. குழாயும் ஒயர் ஓட்டும் கேசிங்கும் 3 மீட்டராக வந்தால், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்பின் அடியில் பக்கத்து சீட்டுக்குக் கீழே நுழைக்கும் துளை இருக்கிறதா என்று பார். 6 மீட்டர் குழாய் சாதாரண வேன் எதற்குள்ளும் போகாது. அதை வேலை இடத்திலேயே இறக்கச் சொல்வதுதான் வழி, அதற்காகப் பெரிய வண்டி வாங்காதே. நெருக்கமான இடங்களில் நிறுத்தி வேலை பார்க்க வேண்டியிருந்தால் பக்கவாட்டில் தள்ளும் கதவு கட்டாயம் வேண்டும், அதுவும் நடைபாதைப் பக்கம் திறக்க வேண்டும்.

இனி எரிபொருள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இப்போதைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது; டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வடிகட்டிக்குள் ஏறத்தாழ 600 டிகிரி சூடு ஏற வேண்டும், வண்டி நல்ல வேகத்தில் கால் மணி, இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தி, இரண்டு மணி நேரம் வேலை பார்த்து, மறுபடியும் நான்கு கிலோமீட்டர் போகிறவளுக்கு அது நடக்கவே நடக்காது. எரிப்பு பாதியில் நின்றுபோகும்போது அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் அதுதான் அறிகுறி. அந்த நீர்த்த ஆயில் டர்போவின் பேரிங்கைத் தின்றுவிடும். அதே சின்ன ஓட்டம்தான், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்விலும் கரியை அடைக்கும். புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசல் ஊற்றும் வண்டியாக இருந்தால் மூடியைச் சுற்றி வெள்ளை உப்பு படிந்திருக்கிறதா பார். ஊற்றும்போது சிந்தினால் துடைக்காமல் விடாதே.

உன் வேலை ஊருக்குள்ளேயே, நாளைக்கு 30, 40 கிலோமீட்டருக்குள் என்றால் பெட்ரோல் வேன் போதும், மைலேஜ் குறைந்தாலும் பட்டறைச் செலவில் மிஞ்சும். மின்சார வேனும் இந்த ஓட்டத்துக்கு நன்றாகவே பொருந்தும், இரவில் நிற்கும் இடத்திலேயே சார்ஜ் போட வசதி இருந்தால். ஆனால் பேட்டரியின் எடை நீ ஏற்றும் எடையில் கழியும். லோடும் குளிரும் தூரத்தைக் குறைக்கும். பழையது என்றால் பேட்டரியின் ஆரோக்கியத்தை, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேன் கருவியில் படித்துக் காட்டச் சொல். நெடுஞ்சாலையில் தினமும் நூறு கிலோமீட்டர், கனமான லோடு, மேடு என்றால் டீசல்தான்.

எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்றும் கேள். பெல்ட் என்றால் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் அல்லது வருடம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை இடித்துவிடும். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அதே பெல்ட் சுழற்றும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் சேர்த்தே மாற்று. சில எஞ்சின்களில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தவறான கிரேடு ஆயில் ஊற்றினாலோ, ஆயில் மாற்றத் தாமதித்தாலோ அந்த ரப்பர் உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துக்கொள்ளும். சர்வீஸ் ரசீது இல்லாமல் அப்படிப்பட்ட வண்டியைத் தொடாதே.

எந்த வண்டியும் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். நின்றால் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதுதான் உன் பிழைப்பு. உன் பகுதியில் பரவலாக ஓடும் மாடலை எடு. பிடித்த மாடலுக்கு கிளட்ச் செட், முன் பிரேக் பேட், ஆல்டர்னேட்டர், பக்கவாட்டுக் கண்ணாடி இந்த நான்கும் எத்தனை நாளில் கிடைக்கும் என்று வாங்குவதற்கு முன்பே உதிரி பாகக் கடையில் கேட்டுவிடு. பதில் வாரக்கணக்கில் வந்தால் அந்த மாடல் வேண்டாம்.

புதியது வாங்கக் கையில் பணம் இருந்தாலும், நன்றாகப் பராமரித்த மூன்று, நான்கு வருட வண்டி மோசமில்லை. பார்க்கப் போகும்போது முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போ. போனதும் பானட்டைத் திறந்து எஞ்சின் மேல் கையை வைத்துப் பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினைச் செல்ஃப் அடித்து, புகையைக் கவனி. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம் போகிறது அல்லது காற்று குறைகிறது. வெள்ளை, சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாசனையோடு வந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார். லேசான ஆவி பரவாயில்லை, புஸ்புஸ் என்று அழுத்தமாக அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருந்தால் ஆயிலில் நீர் சேர்கிறது. சின்ன ஓட்ட வண்டியில் வெறும் ஈரத்தாலும் கொஞ்சம் படியும், அதனால் கூலண்ட் அளவையும் பார்த்த பிறகே முடிவு செய்.

ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் மெதுவாகப் போய், ஆக்சிலேட்டரை முழுதாக மிதி. எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வண்டி நிற்கும்போது கடகடவென்று கேட்டு, கிளட்ச் மிதித்ததும் அந்தச் சத்தம் மாறினால் ஃப்ளைவீல் அல்லது ரிலீஸ் பேரிங் கவனிக்க வேண்டியது. நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாகச் செய்த இரட்டை ஃப்ளைவீல் உள்ள வண்டியில் கிளட்ச் வேலைக்குச் செலவு சாதாரண வண்டியைவிட மிக அதிகமாகும், விலை பேசும்போது அதை மனதில் வை. மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுப் பார். முடிந்தால் கொஞ்சம் லோடோடு ஓட்டிக் காட்டச் சொல். வெறும் வண்டியில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்பாதே. பிரேக் பெடலின் ரப்பரும் ஓட்டுநர் சீட்டின் ஏறும் பக்க ஓரமும் பொய் சொல்லாது. ஸ்கேன் கருவியில் எஞ்சின் ஓடிய மணி நேரத்தைப் படிக்க முடிந்தால் கிலோமீட்டரை அதால் வகு. மணிக்கு 20க்கும் கீழே வந்தால், நின்ற இடத்திலேயே நாள் முழுதும் ஓடிய எஞ்சின் அது. அதே கருவியில் பழுது எதுவும் காட்டாமல், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் எல்லாம் இன்னும் முடியவில்லை என்று காட்டினால் நீ வருவதற்குச் சற்று முன்தான் பழுது எண்களை அழித்திருக்கலாம்.

பிறகு கீழே படு. டார்ச் அடித்து, கமான் பட்டை சேசிஸில் மாட்டும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், கதவுகளுக்குக் கீழுள்ள பட்டை, பின் கதவின் படி இவற்றில் துருவைத் தேடு. மேலாகத் தெரியும் துரு பயமில்லை, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குவதுதான் ஆகாது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுதும் ஓட்டு, இரும்புத் தகட்டில் ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள். சரக்குப் பகுதியின் தரைப் பலகையைக் கழற்றிப் பார்க்காமல் விடாதே. ஈரம் அடியிலேயே தங்கித் தகடு ஓட்டையாகும். தள்ளும் கதவு கீழ் ரோலரில் தட்டுகிறதா, பின் கதவின் கீல் அருகே விரிசல் இருக்கிறதா என்று பார். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019இல் 23ஆவது வாரம் செய்தது. நான்கு டயரும் வெவ்வேறு வயதாக இருந்தால், வண்டியை எப்படி வைத்திருந்தார்கள் என்பது புரிந்துவிடும்.

மின்சாரப் பக்கம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் மல்டிமீட்டரை மறக்காமல் எடுத்துப் போ. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், எஞ்சின் ஓடும்போது சுமார் 14. பூட்டி அரை மணி விட்டபின் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் முன்னவர் ஏதோ ஒயரைத் தப்பாகச் சேர்த்திருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது உனக்குச் சுலபம், விலை குறைக்கவும் அதுவே காரணமாகும். இன்வெர்ட்டர் போடும் யோசனை இருந்தால் கணக்குப் பார்: 1500 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 125 ஆம்பியர், இழப்போடு அதற்கும் மேல். தடித்த கேபிள், பேட்டரி முனையிலேயே ஃப்யூஸ், தனியாக இரண்டாவது பேட்டரி எல்லாம் வேண்டும். பேட்டரியில் ஓடும் டூல்களையே வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி பாதிக்கு மேல் போய்விடும்.

உள்ளே அலமாரி அடிக்கும்போது கனமானதைத் தரையோடு, முன் தடுப்பை ஒட்டி வை. பின் அச்சுக்கும் பின்னால் கனம் சேர்ந்தால் வண்டியின் முன்பக்கம் தூக்கும், ஸ்டீயரிங் லேசாகும், முன் சக்கரத்தால் ஓடும் வண்டியில் அந்தச் சக்கரம் ஈரமான மேட்டில் பிடிப்பில்லாமல் சுழலும். மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சின் தனி வரம்பு தாண்டியிருக்கலாம். எடை மேடையில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி அதையும் பார்த்துவிடு. கூரைக்கு என்று குறித்திருக்கும் எடையில் கேரியரின் எடையும் அடக்கம். பிரேக் அடித்தால் குழாய் ஈட்டி மாதிரி முன்னால் வரும், ஆகவே தடுப்பு இல்லாத வண்டியை எடுத்தால் முதல் செலவு தடுப்புதான்.

வாங்கும் முன் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பார். பிறகு இன்சூரன்ஸ் உன் தொழில் உபயோகத்துக்குச் செல்லுமா என்று கேட்டுக்கொள். சொந்த உபயோகம் என்று எழுதிய பாலிசியில் தொழில் வண்டிக்கு க்ளைம் மறுக்கப்படலாம்.

எடுத்த முதல் வாரமே ஆயில், எல்லா ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் மாற்றிவிடு, முன்னவர் நேற்றுத்தான் மாற்றினேன் என்று சொன்னாலும் சரி. பெல்ட்டுக்கு ரசீது இல்லையென்றால் அதையும். ஒரு நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வண்டியிலேயே வை.

பிடித்த வண்டி இரண்டு, மூன்று கண்ணில் பட்டால் அடிப்பாகத்தின் படம், டயர் எண்ணின் படம், குளிர்ந்த ஸ்டார்ட்டின் வீடியோ மூன்றையும் அனுப்பு. பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா