வரம்பு 60 மைல், ஆனால் வளைவுக்கு அப்பால் டிராக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் தனியாக மோட்டார் சைக்கிளில் சுற்றுவோர் கவனத்துக்கு: நடுத்தடுப்பு இல்லாத நாட்டுப்புறச் சாலைகளில் பொது வேக வரம்பு மணிக்கு 60 மைல். உயரமான வேலிச்செடிகளுக்கிடையே ஒரே வண்டி போகும் சந்துகளிலும் பெரும்பாலும் இதுதான். அந்த எண்ணை நம்பவே கூடாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் போக வேண்டும்; எதிரே வரும் டிராக்டருக்கு மீதிப் பாதி தேவை. வயல் வாசல்களில் சேறு, சந்தின் நடுவில் சரளை. வண்டி சாய்ந்திருக்கையில் முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். கால்நடை தாண்டாதிருக்கச் சாலையின் குறுக்கே பதித்த இரும்புக் கம்பிகளை நிமிர்ந்து, நேராக, பிரேக் தொடாமல் கடக்கவும். வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் ஹார்ட்நாட் கணவாயின் சரிவு 3-க்கு 1 (மூன்று அடி போனால் ஓரடி இறக்கம்); எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி முதல் கியரில், கிளட்சை அழுத்தாமல் இறங்குங்கள். புல்தரையில் சைட் ஸ்டாண்ட் புதையும், அடியில் ஒரு பலகைத் துண்டு போதும்.

ஒரு வாசகர்