முரளிக்கு: ராண்ட்கான்ஃபிக் ஸ்கிரிப்ட் பற்றி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. 16 கோர் மெஷின் ராத்திரி முழுக்கச் சும்மா கிடக்கிறது, லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையக் கருவை) விதவிதமான கான்ஃபிக்கில், அதாவது ஆப்ஷன்களின் வெவ்வேறு சேர்க்கையில், பில்ட் பண்ணிக்கொண்டே இருக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எழுது. லூப் பத்து வரிதான். காலையில் குவிந்து கிடக்கும் தோல்விகளில் எது புதுசு, எது பழசு, எது உன் மெஷினின் கோளாறு என்று பிரிப்பதில்தான் உழைப்பெல்லாம் போகும். அதை மனதில் வைத்து முதல் வரியிலிருந்தே எழுது.

முடிந்த ஆப்ஷனையெல்லாம் ஒய் ஆக்கும் ஆல்யெஸ்கான்ஃபிக்கும், முடிந்ததையெல்லாம் மாட்யூலாக்கும் ஆல்மாட்கான்ஃபிக்கும் இருக்கும்போது, ஆப்ஷன்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கும் ராண்ட்கான்ஃபிக் எதற்கு என்றாய். ஒரே ஒரு உதாரணம் போதும். ஒரு நெட்வொர்க் டிரைவர், சிப்பின் வெப்பநிலையைக் காட்ட ஹெச்டபிள்யூமான் என்ற வன்பொருள் கண்காணிப்பு சப்சிஸ்டத்தைக் கூப்பிடுகிறது. இரண்டுமே ஒய் (கெர்னலுக்குள்ளேயே), எம் (பிறகு லோட் ஆகும் தனி மாட்யூல்), என் (இல்லவே இல்லை) என்ற மூன்று நிலையில் இருக்கலாம். ஆக ஒன்பது சேர்க்கை. டிரைவர் ஒய், ஹெச்டபிள்யூமான் எம் என்ற ஒரே சேர்க்கையில்தான் உடையும்: கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கோட், பிறகு லோட் ஆகப்போகும் மாட்யூலில் உள்ள ஃபங்ஷனைத் தேடுகிறது. விஎம்லினக்ஸ் என்ற முழுக் கெர்னல் ஃபைல் லிங்க் ஆகும்போது ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ வந்து நிற்கும். ஆல்யெஸ்ஸில் இரண்டும் ஒய், ஆல்மாடில் இரண்டும் எம். அந்த ஒரு கட்டத்தை இரண்டும் தொடுவதே இல்லை. கெர்னலில் பத்தாயிரத்துக்கும் மேல் கான்ஃபிக் ஆப்ஷன் உண்டு, இந்த மாதிரி ஜோடிகள் எத்தனை இருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அதைச் சரிசெய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு அடிக்கடி தேவைப்படும். டிரைவரின் கேகான்ஃபிக்கில் (ஆப்ஷன்களையும் அவற்றின் நிபந்தனைகளையும் சொல்லும் ஃபைல்; அதைப் படிக்கும் கருவிக்கும் இதே பெயர்) ‘டிபெண்ட்ஸ் ஆன் ஹெச்டபிள்யூமான் || ஹெச்டபிள்யூமான்=என்’ என்று ஒரு வரி. பார்த்தால் அர்த்தமே இல்லாத வரி போல இருக்கும். ஆனால் கேகான்ஃபிக்கில் ‘||’ என்பது இரண்டில் பெரியதை எடுக்கும் (என்னைவிட எம் பெரியது, எம்மைவிட ஒய் பெரியது). ஹெச்டபிள்யூமான் எம் என்றால் விடை எம், அதனால் டிரைவரும் எம்முக்கு மேல் போக முடியாது. என் என்றால் வலப்பக்கம் ஒய் ஆகிவிடும், டிரைவர் எப்படியும் இருக்கலாம். சிலர் கோடில் ‘இஸ்_எனேபிள்ட்’ (ஒய்யோ எம்மோ என்றால் உண்மை) இருந்த இடத்தில் ‘இஸ்_ரீச்சபிள்’ (இங்கிருந்து கூப்பிட முடிந்தால் மட்டும் உண்மை) போட்டு முடித்துவிடுவார்கள். பில்ட் தேறிவிடும். ஆனால் டிரைவரை ஒய் என்றும் ஹெச்டபிள்யூமானை எம் என்றும் வைத்திருக்கும் பயனருக்கு வெப்பநிலை மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். எனக்கு அது பிடிக்காது.

இனி ஸ்கிரிப்ட். சோர்ஸ் ட்ரீக்குள் பில்ட் பண்ணாதே, ‘ஓ=’ கொடுத்துத் தனி டைரக்டரியில் பண்ணு. சோர்ஸ் ட்ரீயில் பழைய பில்டின் மிச்சம் இருந்தால் கெர்னலே மறுத்து, மிச்சத்தையெல்லாம் துடைக்கும் ‘எம்ஆர்ப்ராப்பர்’ ஓட்டச் சொல்லும். ஒரே சோர்ஸை வைத்து நாலு பில்ட் ஒன்றாக ஓடலாம், ஆனால் ஓடும்போது அதில் கிட் புல் அடித்துவிடாதே. பாதி ஃபைல் பழசு, பாதி புதுசு என்று வரும் எர்ரருக்கு எந்த ஜோசியரும் பதில் சொல்ல முடியாது. ‘கிட் வொர்க்ட்ரீ’ போட்டு, சோர்ஸின் இன்னொரு பிரதியைத் தனியாக நிறுத்திக்கொள்.

ராண்ட்கான்ஃபிக் ஓடும்போது தான் எடுத்த சீடை (குலுக்கலின் தொடக்க எண்ணை) அச்சிடும். அதே எண்ணை கேகான்ஃபிக்_சீட் என்ற என்விரான்மென்ட் மாறியில் கொடுத்தால் அதே கான்ஃபிக் திரும்ப வரும். இதை நம்பிச் சீடை மட்டும் சேமித்து வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நாளைக்கு ட்ரீயில் ஒரு ஆப்ஷன் கூடினால் அதே சீட் வேறு கான்ஃபிக் தரும். 4.18 முதல் கேகான்ஃபிக் கம்பைலரையே கேட்டுச் சில ஆப்ஷன்களை முடிவு செய்கிறது, ஆகவே கம்பைலர் மாறினாலும் மாறும். உருவான கான்ஃபிக் இருக்கும் டாட் கான்ஃபிக் ஃபைலையே எடுத்து வை. கூடவே கமிட் ஹாஷ், கம்பைலர் பதிப்பு, முழு லாக்.

எக்ஸ்86 மெஷினில் ‘ஆர்ச்’ (எந்த வகைப் பிராசசருக்கு என்பது) எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் 64 பிட்டா 32 பிட்டா என்பதும் சீட்டுக் குலுக்கலில்தான் விழும். 32 பிட் வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதே. 64 பிட் எண்ணை நேரடியாக வகுக்கும் கோட் அங்கேதான் ‘__யுடிவ்டிஐ3’ இல்லை என்று மாட்டும், டிவ்_யு64 போட்டால் சரியாகும். ஆனால் குலுக்கலுக்கு விடாமல் ஆர்ச்சை ஐ386 என்றும் எக்ஸ்86_64 என்றும் நீயே மாற்றி மாற்றிக் கொடு.

சில ஆப்ஷன்களைக் கட்டிப்போட வேண்டும். ஒரு சின்ன ஃபைலில் எழுதி அதன் பாதையை கேகான்ஃபிக்_ஆல்கான்ஃபிக் மாறியில் கொடு. என் ஃபைலில் மூன்றே வரி: கம்பைல்_டெஸ்ட் ஒய் (இந்த மெஷினுக்குச் சம்பந்தமில்லாத டிரைவர்களையும் கம்பைல் பண்ண விடும்), டீபக்_இன்ஃபோ_நன் ஒய், வெர்ரர் என். டீபக் தகவல் இருந்தால் டிஸ்க்கும் லிங்க் நேரமும் பல மடங்கு வீங்கும். வெர்ரர் இருந்தால் ஒரு அற்ப வார்னிங்கே பில்டை நிறுத்திவிடும், வார்னிங்கைத் தனியாக எண்ணிக்கொள்வது மேல். கட்டிப்போட்டது நிஜமாகவே நின்றதா என்று கான்ஃபிக் உருவான பிறகு டாட் கான்ஃபிக்கில் க்ரெப் பண்ணி (தேடி) பார். டிபென்டன்சி பொருந்தாவிட்டால் கேகான்ஃபிக் உன் வரியைச் சொல்லாமல் தள்ளிவிடும்.

கேகான்ஃபிக்_ப்ராபபிலிட்டி என்று ஒன்று உண்டு. அதில் 10 என்று கொடுத்தால் பூலியனில் (ஒய், என் மட்டும் உள்ளவை) 10 சதவீதம் ஒய், ட்ரைஸ்டேட்டில் (மூன்று நிலையும் உள்ளவை) 5 சதவீதம் ஒய், 5 சதவீதம் எம், மீதி என். பில்ட் சின்னதாக, வேகமாக முடியும். ஏதோ ஒன்று இல்லாததால் வரும் பிழைகள் இப்படித்தான் கிடைக்கும். பாதி ராத்திரி இதற்கு, பாதி வழக்கமான குலுக்கலுக்கு என்று பிரித்துக்கொள்.

16 கோரையும் ஒரே பில்டுக்குக் கொடுக்காதே. கேகான்ஃபிக், மாட்போஸ்ட் (மாட்யூல்களைச் சரிபார்க்கும் படி), கடைசி லிங்க் எல்லாம் பெரும்பாலும் ஒரே கோரில் ஓடுபவை, மற்ற 15 வேடிக்கை பார்க்கும். நாலு பில்ட், ஒவ்வொன்றுக்கும் ‘ஜே4’ (ஒரே சமயத்தில் நாலு வேலை). நாலும் ஒரே சமயத்தில் லிங்க்குக்கு வந்தால் மெமரி போதாமல் கெர்னல் கம்பைலரைக் கொன்றுவிடும், அது லாகில் ‘கில்ட்’ என்றோ கம்பைலரின் உள்பிழை என்றோ தெரியும். டிஸ்க் நிரம்பினாலும் விசித்திரமான எர்ரர் வரும். இவற்றை ஸ்கிரிப்டே கண்டுபிடித்து, தோல்வி என்று எழுதாமல் ஒருமுறை தனியாக ஓட்டிப் பார்க்கட்டும். மொத்தத்துக்கும் ஒரு டைம்அவுட் போடு.

லாகை இங்கிலீஷிலேயே வைக்க ‘எல்சி_ஆல்=சி’. வரிகள் ஒன்றோடொன்று கலக்காமலிருக்க பில்டை ஓட்டும் மேக் கருவியின் அவுட்புட்-சிங்க். அதற்கே ‘கே’ கொடுத்தால் ஒரு ஃபைல் உடைந்தாலும் மற்றவை ஓடும், ஆனால் லிங்க் நடக்காது. அதாவது கம்பைல் பிழைக்குப் பின்னால் ஒரு லிங்க் பிழை ஒளிந்திருக்கலாம். சரிசெய்த பிறகு அதே கான்ஃபிக்கை மறுபடி ஓட்டினால்தான் தெரியும்.

ஒவ்வொரு எர்ரரிலும் வரி எண்ணை நீக்கி, ஃபைல் பெயரையும் செய்தியையும் மட்டும் சேர்த்து ஒரு கைரேகை செய்துகொள். ஒரே கைரேகை முப்பது பில்டில் வந்தாலும் அது ஒரே பிழை. புதிய கைரேகை என்றால் அதே கான்ஃபிக்கை முந்தைய டேகில் (பெயரிட்ட முந்தைய பதிப்பில்) ஓட்டு. அங்கேயும் உடைந்தால் பழசு.

புதுசு என்றால் கிட் பைசெக்ட் ரன்: கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்து, உடைத்த கமிட்டைத் தானே தேடும். இங்கேதான் பலர் வழுக்குவார்கள். மேக் தோற்றால் 2 என்று முடியும், பைசெக்ட் அதைக் கெட்டது என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் சம்பந்தமே இல்லாத வேறு எர்ரரால் உடையும் கமிட்டும் கெட்டதாகி, கடைசியில் ஒரு அப்பாவியின் பேட்ச் மேல் பழி விழும். சேமித்த கான்ஃபிக்கைப் போட்டு ஓல்ட்டெஃப்கான்ஃபிக் (அதில் இல்லாத ஆப்ஷன்களுக்கு இயல்பு மதிப்பைப் போடுவது) ஓட்டு, பிறகு பில்ட். உன் கைரேகை லாகில் இருந்தால் மட்டும் 1, பில்ட் தேறினால் 0, வேறு எதனால் உடைந்தாலும் 125, அதாவது தாண்டிப்போ. ஓல்ட்டெஃப்கான்ஃபிக் உன் ஆப்ஷனையே கழற்றிவிட்டதா என்றும் அங்கேயே பார்த்துவிடு. சிகேஷ் (முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்துத் திரும்பத் தரும் கருவி) இந்த இடத்தில்தான் உருப்படியாக உதவும். ராத்திரிக் குலுக்கலில் கம்பைலர் ஆப்ஷன்களே மாறிக்கொண்டிருப்பதால் அதன் பலன் குறைவு.

க்யூஎமு என்ற மெய்நிகர் மெஷினில் பூட் பண்ணிப் பார்ப்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடு. வெறும் ராண்ட்கான்ஃபிக்கில் பூட் செய்திகளைக் காட்டும் சீரியல் கன்சோலே பெரும்பாலும் இருக்காது, பூட் ஆகவில்லை என்பதற்கு அர்த்தமும் இருக்காது. பிறகு வேண்டுமானால் மெய்நிகர் மெஷினுக்கு வேண்டிய ஆப்ஷன்கள் கொண்ட கேவிஎம்_கெஸ்ட் கான்ஃபிக்கை மேலே சேர்த்து ஆரம்பி. இதெல்லாம் கையால் எழுதச் சலிப்பாக இருந்தால், கெர்னல் ட்ரீயிலேயே டூல்ஸ், டெஸ்டிங் கீழே கேடெஸ்ட் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ராண்ட்கான்ஃபிக் பில்டை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டும், கான்ஃபிக்கையே பைசெக்ட் பண்ணவும் தெரியும். ஆனால் கைரேகை வேலையை நீதான் சேர்க்க வேண்டும்.

முதல் ராத்திரியின் லாகை அப்படியே அனுப்பு. எக்ஸிட் கோட் பகுதியையும் சேர்த்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
செல்வம்